ஐயாவின் ரேசரைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

#1 தேவகோட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தவன். முதல் பதிவே உதவி கேட்டுத்தான்.

போன வாரம் பெரிய வீட்டைத் திறந்து ஒழுங்கு பண்ணினோம். இரண்டாங்கட்டு அறையில் ஐயாவின் (தாத்தாவின்) டிரங்குப் பெட்டி. பினாங்கில் வட்டிக்கடைப் பெட்டியடியில் இருந்தவர், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். பெட்டிக்குள் பழைய பேரேடு, ஒரு டார்ச் லைட், அதற்கடியில் உள்ளங்கை அளவில் ஒரு டப்பா. ஊதா வெல்வெட், அதில் ஒரு ரேசர். மூன்று துண்டாகக் கழல்கிறது: மேல் மூடி, நடுத்தட்டு, கைப்பிடி. தட்டின் அடியில் 'ஜில்லெட், மேட் இன் இங்கிலாந்து' என்று இருக்கிறது. பிரிக்காத பிளேடு ஒன்றும் காகிதத்தோடு இருக்கிறது.

நிறம்தான் புரியவில்லை. மூடி தங்கம் மாதிரி மின்னுகிறது. ஓரங்களில் பழுப்பு. கைப்பிடியின் வரிகளுக்குள் பச்சையாக ஏதோ. அப்பத்தா பார்த்துவிட்டு, "பித்தளைதானப்பா, புளித்தண்ணில போட்டு வை, பளபளன்னு ஆயிடும்" என்கிறார். அப்பத்தா சொல்வதைக் கேட்கவா, நீங்கள் சொல்வதைக் கேட்கவா?

#2 நுரை

புளியைக் கீழே வையுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்களிடம் இருப்பது ஜில்லெட் 'டெக்' என்ற வகை. முப்பதுகளின் கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய பலவற்றில் சீப்புப் பல் மாதிரி இருந்த இடத்தில், இதில் நேரான பட்டை. இங்கிலாந்துச் சரக்கு என்றால் லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில், கிரேட் வெஸ்ட் ரோட்டில் 1937-இல் திறந்த ஆலையில் செய்தது. மணிக்கூண்டு வைத்த செங்கல் கட்டடம். அந்த முக்குக்கே 'ஜில்லெட் கார்னர்' என்று பெயர் விழுந்துவிட்டது. மலாயாவுக்குப் போனவை பெரும்பாலும் அங்கே செய்தவைதான் என்பது என் அனுமானம்.

இப்போது விஷயம். நீங்கள் சொல்கிற இரண்டு நிறங்களை வைத்துப் பார்த்தால் அது வெறும் பித்தளை இல்லை. பித்தளை மேல் தங்க முலாம். தங்கம் கறுக்காது, பழுப்பாகத் தெரிகிற இடமெல்லாம் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிற இடம். அந்தக் காலத்து முலாம் கண்ணுக்குத்தான் தங்கம், கனத்தில் ஒன்றுமே கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கெடுத்துப் பார்த்தவன் நான். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், காந்தி ரோட்டில், பழைய பூட்டும் கத்தரியும் கொட்டி வைத்திருந்த ஒருவரிடம் தங்க முலாம் போட்ட ஜில்லெட் அரிஸ்டோகிராட் ரேசர் ஒன்று கிடைத்தது. கைப்பிடி அடியைத் திருகினால் தலை இரண்டு கதவாக விரியுமே, அந்த வகை. வீட்டுக்கு வந்த சூட்டில் மெட்டல் பாலிஷ் போட்டு பனியன் துணியால் தேய்த்தேன். துணியில் கறுப்பு வருகிறது, அழுக்குப் போகிறது என்று சந்தோஷப்பட்டேன். போனது தங்கம். இன்றைக்கும் அதில்தான் சவரம் பண்ணுகிறேன், பண்ணும்போதெல்லாம் திட்டிக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு இரண்டு சொட்டு, பழைய மெத்தென்ற டூத் பிரஷ். அரை மணி ஊறட்டும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். சில பழைய தங்க ரேசர்களில் முலாமுக்கு மேலே லேக்கர் பூச்சு இருக்கும், அது உரிந்து வரும். டப்பாவை நனைக்காதீர்கள்.

#3 ஒருரூபாபிளேடு

தெருமுனைக் கடையில் பிளாஸ்டிக் ரேசர் கிடைக்கிறது. வழித்தோமா, தூக்கிப் போட்டோமா என்று போகிற காலத்தில் இதற்கு அரை மணி ஊறல், மெத்தென்ற பிரஷ். என் பையனைக் குளிப்பாட்டக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை 😄

#4 வேதியியல்வாத்தியார்

தம்பி தேவகோட்டை, உங்கள் அப்பத்தா சொன்னதில் வேதியியல் தப்பு எதுவும் இல்லை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பித்தளை மேல் படிந்த ஆக்சைடு களிம்பை அது கரைத்து எடுக்கும். குத்துவிளக்குக்கு அது சரி, ஏனென்றால் குத்துவிளக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே உலோகம். கொஞ்சம் தேய்ந்தால் அடியில் இருப்பதும் அதே பித்தளை. முலாம் போட்ட பொருளில் அடியில் இருப்பது வேறு. முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அமிலம் அதன் வழியே இறங்கி அடியிலிருக்கும் பித்தளையைத் தின்னும், மேலே இருக்கிற தங்கம் பொருக்காகக் கழன்றுவிடும்.

இன்னொன்று. வீட்டில் விளக்கைப் புளியில் போட்டு மறந்துபோய் மறுநாள் எடுத்தால் ஒரு மாதிரி ரோஸ் கலந்த செம்பு நிறமாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அமிலத்துக்குத் துத்தநாகம்தான் முதல் பந்தி. அது போய்விட்டால் மேல்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சும். முலாமே இல்லாத வெறும் பித்தளை ரேசராக இருந்தாலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் புளியில் வைக்காதீர்கள்.

வரிகளில் தெரிகிற பச்சை, பழைய சோப்பின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. ஊறினால் இளகும். இளகாவிட்டால் பல் குத்தும் ஈர்க்குச்சி. ஊசி, பிளேடு நுனி, பித்தளை துலக்கும் பவுடர் எதுவும் கூடாது.

#5 தேவகோட்டைக்காரன்

நன்றி ஐயா, நன்றி நுரை. ஒரு சந்தேகம்: காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்போது பித்தளைதானே? காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் இதே மாதிரி இரண்டு பார்த்தேன். ஒன்று ரொம்ப லேசாக இருந்தது. வாங்கலாமா என்று ஆசை வந்துவிட்டது.

#6 லேத்மணி

வந்துருச்சுங்க வியாதி. இனி தப்பிக்க முடியாது 😀

காந்தம் ஒட்டலைங்கறத வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. பித்தளைலயும் ஒட்டாது, ஜமாக்லயும் ஒட்டாது, அலுமினியத்துலயும் ஒட்டாது. ஜமாக்னா துத்தநாகத்துல நாலு சதவீதம் அலுமினியம், கொஞ்சூண்டு மக்னீசியம், செம்பு கலந்து அச்சுல அழுத்தி வார்க்கறது. ஜெர்மன் மொழியில அந்த நாலு உலோகத்தோட பேருக்கு வர்ற முதலெழுத்தச் சேர்த்து வெச்ச பேரு. இப்ப கடைல கெடைக்கற குரோம் ரேசர் தலை பாதிக்கு மேல அதானுங்க.

கண்டுபுடிக்க ஒரே வழி அடர்த்தி. நகைத் தராசு ஒண்ணு வாங்கிக்குங்க, ரெண்டு தசம ஸ்தானம் காட்டறது. மூடிய மட்டும் எடை போடுங்க. அப்புறம் ஒரு டம்ளர் தண்ணிய தராசு மேல வெச்சு பூஜ்யம் பண்ணுங்க. மூடிய நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் முட்டக்கூடாது. தராசு காட்டற கிராம்தான் அதோட கன அளவு. மொத எடைய அதால வகுத்துக்குங்க. 8.4, 8.5 வந்தா பித்தளை. 6.6, 6.7னா ஜமாக். 8க்குப் பக்கத்துல வந்தா ஸ்டெயின்லெஸ். 4.4 வந்தா டைட்டானியம்ங்க, வித்தவன் தெரியாம வித்துருக்கான், பேசாம வாங்கிட்டு வந்துருங்க. 2.7 அலுமினியம்.

கைப்பிடிய இப்படி அளக்காதீங்க, நெறைய பழைய கைப்பிடி உள்ள கூடு. காத்து நின்னுக்கிட்டு கணக்கத் தப்பாக்கிரும்.

#7 ஸ்கார்பரோசிவா

மணி அண்ணை சொன்ன ஜமாக்கிலதான் நான் முதலில சூடுபட்டனான். வாங்கின முதல் ரேசர் ஜமாக் தலை, குரோம் பூச்சு. மூண்டு வருசம் நல்லா ஓடிச்சு. ஒருநாள் கையால வழுக்கி பாத்டப்புக்குள்ள விழுந்தது. பெரிய உயரமும் இல்லை. மூடியில இருக்கிற திருகாணித் தண்டு அப்பிடியே ஒடிஞ்சு கைப்பிடிக்குள்ள நிண்டிட்டுது. ஒட்டேலாது, பத்தவைக்கவும் ஏலாது. சரி எண்டு எறிஞ்சிட்டன்.

விழாட்டியும் அதுக்கு ஆயுசு கணக்குத்தான். பூச்சில ஒரு கீறல் விழுந்தால் தண்ணி உள்ள போய் துத்தநாகம் வெள்ளையாப் பொருமி குமிழ் குமிழா வரும். அதுக்குப் பிறகு மருந்தில்லை. ஜமாக் வைச்சிருக்கிற ஆக்கள் இரண்டு விசயம் கவனிச்சால் போதும்: தலையை இறுக்கு இறுக்கெண்டு இறுக்காதேங்கோ, பிளேட் அசையாத அளவு காணும். கழுவினாப்பிறகு ஈரத்தோட விடாதேங்கோ.

இப்ப என்னட்ட இருக்கிறது ரொக்வெல் 6எஸ். ரொறொன்ரோ கொம்பனிதான், அதால கொஞ்சம் ஊர்ப்பற்றும் சேர்ந்திட்டுது. ஸ்டெயின்லெஸ். மூண்டு தட்டு, ஒவ்வொண்டுக்கும் இரண்டு பக்கம், பிளேட் இடைவெளி ஆறு அளவு. திங்கட்கிழமை இரண்டாம் நம்பர், இரண்டு கிழமை தாடி எண்டால் ஐந்து. இதைக் கடைஞ்சு எடுக்கிறேல்லை. உலோகத் தூளைப் பசையோட குழைச்சு அச்சுக்குள்ள செலுத்தி, பிறகு உலையில சுடுகினம். சுடேக்க நல்லாச் சுருங்கும், அதைக் கணக்குப் பண்ணித்தான் அச்சே செய்யிறவை. செங்கல் சூளை மாதிரித்தான், ஆனால் அளவு தப்பேலாது.

#8 நுரை

சிவாவின் பதிவில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. 6எஸ் நல்ல ரேசர்தான், என்னிடமும் உண்டு. ஆனால் இங்கே பலர் அதைக் 'கைவினை ரேசர்' பட்டியலில் சேர்க்கிறார்கள். அச்சில் குத்தி உலையில் சுட்டதை எப்படிக் கைவினை என்பது? கனடாவின் வுல்ஃப்மேன் மாதிரி, முழு ஸ்டெயின்லெஸ் கட்டியிலிருந்து வெட்டி, ஒவ்வொன்றாக மெருகேற்றி, வரிசையில் பெயர் எழுதிக் காத்திருந்து வாங்குவதுதான் கைவினை. கார்வேயின் பித்தளை ரேசரையும் அதில் சேர்ப்பேன்.

#9 லேத்மணி

நுரை அண்ணா, கோச்சுக்காதீங்க. நீங்க சொல்ற அத்தனையும் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டற மெஷின்ல வெட்டறதுங்க. மெஷின்தான் வெட்டுது, மனுஷன் புரோகிராம் போடறான், கட்டிய மாட்டறான், வெட்டி முடிச்சதும் பஃப் அடிக்கறான். கையால ராவி ரேசர் தலை செய்யவே முடியாது.

எப்படிச் சொல்றேன்னா நானே செஞ்சு பாத்தவன். நம்மளுது கோயமுத்தூர் கணபதியில சின்னக் கடைசல் பட்டறை, பம்பு ஷாஃப்ட் ஜாப் ஒர்க். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆர்டர் இல்லாத ஒரு வாரம், எனக்கே எனக்குன்னு ஒரு ரேசர் செய்யலாம்னு உக்காந்தேன். கைப்பிடி ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது. முக்கால் இஞ்சு பித்தளை ராடு, அரை இஞ்சுக்குக் கடைஞ்சு, வழுக்காம இருக்க நர்லிங் வரி போட்டு, எம்5 (அஞ்சு மில்லி) திருகுக்கு டேப் அடிச்சா ஆச்சு. இப்ப வர்ற ஐரோப்பா ரேசர் பெரும்பாலும் எம்5, 0.8 பிட்ச் திருகுதான். உங்க ஐயாவோட டெக்குல அந்த மெட்ரிக் திருகு இருக்காதுங்க, கலந்து மாட்டி முறுக்கீராதீங்க.

தலைதான் ஆளக் காட்டுச்சு. பிளேடு 0.1 மில்லி கனம்ங்க. அந்தத் தகட்ட மூடியோட வளைவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அழுத்திப் புடிக்கணும். ஒரு பக்கம் 0.05 மில்லி தூக்கிக்கிட்டா அந்தப் பக்கம் கடிக்கும், இந்தப் பக்கம் சும்மா தடவும். வெர்னியர்லயே தெரியாது, கன்னத்துல தெரியும். பதினோரு தலை ஸ்கிராப்புக்குப் போச்சு. பன்னெண்டாவது, பக்கத்து ஷெட் நண்பர் சிஎன்சில வெட்டிக் குடுத்தாரு. அதுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

ஆகவே கை எங்க வருதுன்னா, அளவ முடிவு பண்றதுல. பிளேடு எவ்வளவு வெளிய நீட்டணும், இடைவெளி எவ்வளவு, வளைவு எவ்வளவுன்னு. அப்புறம் கடைசி மெருகுல. நடுவுல மெஷின்தான். அதக் கேவலமா நெனைக்கக் கூடாதுங்க.

#10 நுரை

கோபமில்லை மணி. பதினோரு தலை ஸ்கிராப் என்பதைப் படித்ததும் வாயடைத்துவிட்டேன். 'கைவினை' என்ற சொல்லை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு பட்டறையில் ஒரு ஆள் தன் பெயரைச் சொல்லிக் கொடுப்பதற்கும், லட்சக்கணக்கில் கொட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை விடமாட்டேன்.

#11 தேக்காதம்பி

அண்ணன்களா, சண்டை முடிஞ்சதா? நான் சிங்கப்பூர்லேருந்து ஒரு எதிர்க்கட்சி. நீங்க லட்சக்கணக்குல கொட்டினதுன்னு சொல்றீங்களே, அந்தக் கொட்டின சரக்குதான் அறுபது வருஷம் கழிச்சும் ஓடுது. சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலைல மூடினாங்க, ஞாபகம் இருக்கா? மூடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அங்க ஒரு சீனத் தாத்தாகிட்ட ஜில்லெட் ஸ்லிம் அட்ஜஸ்டபிள் எடுத்தேன். கழுத்துல ஒண்ணுலேருந்து ஒன்பது வரைக்கும் நம்பர், திருப்பினா பிளேடு இடைவெளி மாறும். எச்-2னு குறி.

அதப் படிக்கிறது சுலபம். 1955 ஏ, 1956 பி, அப்படியே வரிசையா எண்ணுங்க, எச் வந்தா 1962. பக்கத்துல இருக்கிற 2 அந்த வருஷத்தோட இரண்டாவது காலாண்டு. அமெரிக்கச் சரக்குக்கு இந்தக் கணக்கு நம்பலாம். தேவகோட்டை அண்ணனோட இங்கிலாந்து டெக்குக்கு இத வெச்சு வருஷம் சொல்லப் பாக்காதீங்க.

வாங்கறப்ப கைப்பிடி அடி திருகவே இல்ல. முப்பது வருஷ சோப்பு உள்ள இறுகிப்போச்சு. பிளையர் போட்டுத் திருகுனு ஒருத்தர் சொன்னாரு, நல்லவேளை கேக்கல. அந்த வகைக்குள்ள நீளமா ஒரு தண்டு, கதவுக்குச் சின்னச் சின்னக் கீல். பிளையர் போட்டா முறுங்கிடும். சுடுதண்ணி சோப்புல மூணு நாள், தினமும் தண்ணி மாத்தி ஊறவெச்சேன். நாலாவது நாள் தானா நெகிழ்ந்துச்சு. அப்புறம் தெரிஞ்ச கண்ணாடிக் கடையில மூக்குக் கண்ணாடி கழுவற அதிர்வு மெஷின்ல அஞ்சு நிமிஷம். வந்த அழுக்கப் பாத்து கடைக்காரர் தண்ணியவே மாத்திட்டாரு. என்னோடது நிக்கல் பூச்சு, உறுதியா இருந்துச்சு. முலாம் பொருக்கு விட்டிருந்தா அந்த மெஷின் மொத்தத்தையும் உதிர்த்துடும், ஜாக்கிரதை.

காஞ்சதும் கீல்ல ஒரு சொட்டு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின். தேங்காய் எண்ணெய் வேணாம். நாளானா சிக்கு வாடை அடிக்கும்.

#12 வேதியியல்வாத்தியார்

பித்தளை பற்றிப் பேச்சு ஓடுவதால் ஒரு பழைய கதை, நம் மழைக்காலத்தோடு சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் பருவமழை முடிகிறவரை பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் வெடிக்காமலே உறைகள் விரிசல் விட்டுக் கிடக்கும். 'பருவ விரிசல்' என்றே அதற்குப் பெயர் வந்தது. காரணம் 1921-இல்தான் தெளிவானது: குதிரைச் சிறுநீரிலிருந்து வருகிற அம்மோனியா, அதோடு தோட்டா உறையை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிவிட்ட அழுத்தம்.

ரேசருக்கும் இது பொருந்தும். பழைய கைப்பிடிகள் பலவும் மெல்லிய பித்தளைக் குழாய்கள். தண்டை மாட்டும் இடத்தில் முடிமாதிரி விரிசல் கண்ட கைப்பிடிகளைச் சந்தையில் நிறையப் பார்க்கலாம். வாங்கும்முன் லென்ஸ் வைத்து அந்த விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான், சில உலோக பாலிஷ்கள் இவற்றைப் பித்தளைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். குளியலறையும் கழிப்பறையும் ஒன்றாக இருக்கிற வீட்டில் ரேசரை அலமாரிக்குள் வைப்பது உத்தமம்.

#13 ஒருரூபாபிளேடு

கிண்டல் பண்ண வந்தவன் கடைசிவரை படித்துவிட்டேன். சரி, ஒரு நிஜமான கேள்வி. போன தீபாவளிக்கு மச்சான் ஒரு ஸ்டெயின்லெஸ் ரேசர் கொடுத்தார். எங்கள் வீடு வேளச்சேரி, போர் தண்ணீர். ஒரு மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் என்றால் கறை பிடிக்காது என்றுதானே அர்த்தம்?

#14 நுரை

வாருங்கள், வாருங்கள். நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள் 😄 நானும் வேளச்சேரிதான், அதே போர் தண்ணீர்தான். அது கறை இல்லை, சுண்ணாம்பு. நம் கெட்டிலுக்குள் படிகிறதே, அதேதான். ஸ்டெயின்லெஸ்ஸாக இருந்தால் கவலையில்லை: எலுமிச்சைச் சாறோ வினிகரோ பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து பத்து நிமிஷம், பிறகு நன்றாக அலசுங்கள். பூச்சு போட்ட ரேசருக்கு இதைச் செய்யாதீர்கள், துணியில் தொட்டு ஒரு தடவு தடவி உடனே கழுவினால் போதும்.

படியாமல் இருக்க: கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்யுங்கள், உதறிவிட்டுப் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். பிளேடின் முனையைத் துடைக்காதீர்கள், விரலும் போகும் முனையும் போகும்.

இன்னொன்று, யாருமே சொல்லாதது: படிகாரம். சவரம் முடிந்து படிகாரம் தேய்த்த கையோடு ரேசரைத் தொடுவோம். கைப்பிடி வழுக்காது என்பதற்காகவே சிலர் விரலில் தேய்த்துக்கொள்வதும் உண்டு. அது அமிலத்தன்மை உள்ள உப்பு. காய்ந்தால் வெள்ளைப் படலம், ஜமாக்காக இருந்தால் பூச்சுக் கீறலில் இறங்கிக் காரியத்தை முடித்துவிடும். கழுவிவிட்டு வையுங்கள்.

#15 லேத்மணி

ஸ்டெயின்லெஸ்லயும் சாதி இருக்குதுங்க. 303ங்கற ரகம் கடையறதுக்கு வெண்ணெய் மாதிரி, அதுல கந்தகம் சேர்த்திருப்பாங்க. அதனாலயே உப்புத் தண்ணிக்குக் கொஞ்சம் பலவீனம். 316எல்ங்கற ரகத்துல மாலிப்டினம் இருக்கு, உப்புக்கு நல்லாத் தாங்கும். கடலோரத்துல இருக்கறவங்க வாங்கறப்ப கேட்டு வாங்குங்க. விக்கறவனுக்கு எந்த கிரேடுன்னு தெரியலைன்னா அதுவே ஒரு பதில்.

#16 ஸ்கார்பரோசிவா

பெட்டியில வைக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் பாண்ட் போட்டுச் சுத்தி வைக்காதேங்கோ. ரப்பரில இருக்கிற கந்தகம் வெள்ளி முலாமைக் கறுப்பாக்கிப் போடும். என்ர மாமாவின்ர செட்டில வளையம் வளையமாக் கறுப்பு நிக்குது. தோல் உறைக்குள்ள பித்தளையை நிரந்தரமா வைச்சாலும் பச்சை பூக்கும். பருத்தித் துணியில சுத்தி, மருந்துப் போத்தலுக்குள்ள வருமே சிலிக்கா ஜெல் பை, அதில இரண்டைப் போட்டு விடுங்கோ.

#17 தேவகோட்டைக்காரன்

நான்கு நாள் கழித்து வருகிறேன். நல்ல செய்தி, கெட்ட செய்தி இரண்டும் இருக்கிறது.

நல்லது முதலில். மணி அண்ணன் சொன்னபடி அளந்தேன். மூடி 16.8 கிராம், தண்ணீரில் 2.0. பித்தளையேதான். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, டூத் பிரஷ் போட்டு, ஈர்க்குச்சியால் வரிகளைச் சுரண்டினேன். பச்சை எல்லாம் வந்துவிட்டது. மூடியிலும் தட்டிலும் தங்கம் முக்கால்வாசி நிற்கிறது. கைப்பிடியில் இன்னும் நன்றாகவே இருந்தது.

இருந்தது.

மூன்று துண்டையும் துணியில் பரப்பி மூன்றாங்கட்டுத் தாழ்வாரத்தில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மூடியும் தட்டும் இருக்கிறது, கைப்பிடியைக் காணோம். அன்றைக்குத்தான் கார்த்திகைக்காக விளக்குகளை எல்லாம் இறக்கித் தேய்க்கக் கொடுத்திருந்தார்கள். கிணற்றடியில் போய்ப் பார்க்கிறேன், குத்துவிளக்குத் தண்டுகளுக்கு நடுவே ஐயாவின் கைப்பிடி. புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரில் தேய்த்து, அலசி, வெயிலில் வைத்திருந்தார் தேய்க்க வந்த அக்கா. விளக்கின் திருகு என்று நினைத்தாராம். வாத்தியார் ஐயா சொன்ன அதே ரோஸ் கலந்த செம்பு நிறம். தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

#18 தேக்காதம்பி

ஐயோ 😭

#19 நுரை

எனக்குக் கையெல்லாம் நடுங்குகிறது. அரிஸ்டோகிராட் நினைவு வந்துவிட்டது.

#20 லேத்மணி

விடுங்க அண்ணா. மூடிலயும் தட்டுலயும் கை வெக்கலைல்ல? ரேசர்ல தலைதான் ரேசர். கைப்பிடி புடிச்சுக்கறதுக்கு. திருகு வரிக்குள்ள சாம்பல் நின்னுருக்கும், அத மட்டும் பிரஷ் போட்டு எடுத்துருங்க, இல்லைன்னா முறுக்கறப்ப அரைக்கும்.

#21 ஒருரூபாபிளேடு

சிதம்பரத்தில் கவரிங் நகைக்கு முலாம் போடுகிறார்களே, அங்கே கொடுத்துத் தங்கம் ஏற்றிவிட்டால்?

#22 வேதியியல்வாத்தியார்

ஏற்றலாம். ஆனால் முதலில் பஃப் அடித்துப் பரப்பைச் சமன் செய்வார்கள், கைப்பிடியின் வரிகள் மழுங்கும். கீழே நிக்கல் பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை தங்கத்துக்குள் ஊடுருவிச் சீக்கிரமே மங்கும். இதெல்லாம் முடிந்து வரும்போது புதுத் தங்கம் ஒரு நிறம், மூடியின் பழைய தங்கம் ஒரு நிறமாக நிற்கும். நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். நாலைந்து மாதம் கைபட்டால் அந்த ரோஸ் நிறம் பழுப்பாகி அடங்கிவிடும்.

#23 தேவகோட்டைக்காரன்

அப்படியே விட்டுவிட்டேன். இன்று காலை அதில் முதல் சவரம். பெட்டியில் இருந்த பழைய பிளேடைத் தொடவில்லை, புதிது வாங்கிப் போட்டேன். தாடைக்கடியில் இரண்டு இடத்தில் கீறல், மற்றபடி வழவழப்பு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பத்தா ரேசரை வாங்கிக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. இப்பத்தான் லெச்சணமா இருக்கு. அந்தத் தலையையும் கொண்டா, இன்னும் புளி மிச்சம் இருக்கு."

தலை இப்போது என் பீரோவில், பூட்டி, சாவி என் இடுப்பில். காரைக்குடிக் கடையில் அந்த லேசான ரேசரையும் அளந்துவிட்டேன்: 2.7. அலுமினியம்தான். இருநூறு ரூபாய் சொல்கிறார், வாங்கலாமா மணி அண்ணே?

#24 லேத்மணி

திருகு நல்லாருந்தா வாங்குங்க. அலுமினியத்துக்குப் புளி ஆகவே ஆகாதுன்னு அப்பத்தாகிட்ட மொதல்லயே சொல்லிருங்க.